கே.விஜி, எஸ்.விஜி, நெட்டை விஜி: பழைய மாணவியர் நட்பு பற்றிய ஓர் ஆய்வு

பெண்கள் பள்ளியில் படித்தவர்களின் நட்பு ஆயுள் முழுக்க நீடிப்பது ஏன் என்று ஆராயப் புகுமுன், தமிழ்ப் புலவர்களின் ஓரவஞ்சனையைச் சுட்டிக்காட்டுவது எம் கடமை. பார்த்துப் பழகாத கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நட்புக்கு இலக்கணம் ஆகிவிட்டார்கள். ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்த பெண்களை யாரும் பாடவில்லை. அகத்திணையில் தோழி இருக்கிறாளே என்பீர்கள். இருக்கிறாள், பெயரில்லாமல். தலைவியின் காதலைக் கவனிப்பதற்கே அவளுக்கு நேரம் போதவில்லை. தலைவிக்குக் கணக்கு நோட்டைக் காட்டியதாக எந்தத் துறையிலும் குறிப்பில்லை.

எம் ஆய்வுக்கு உட்பட்டோர், தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் டூ வந்த காலத்தையொட்டித் தாவணியும் இரட்டைச் சடையுமாகப் பள்ளி சென்றவர்கள். இவர்களைச் சேர்த்து வைத்திருப்பது அன்பு என்பது பாமரர் கொள்கை. வருகைப் பதிவேடு என்பது எம் கொள்கை.

வகுப்பில் மூன்று விஜயலட்சுமி இருந்தால் டீச்சர் இனிஷியலோடுதான் கூப்பிடுவார். ஒருத்தி கே.விஜி, இன்னொருத்தி எஸ்.விஜி. மூன்றாமவளின் இனிஷியலும் கே என்பதால் அவள் நெட்டை விஜி. கல்யாணம் ஆனதும் வங்கிப் புத்தகம் முதல் பத்திரிகை வரை எல்லாம் கணவர் இனிஷியலுக்கு மாறிவிடுகிறது. அப்பாவின் ‘கே’ அதன்பின் மிஞ்சுவது தோழிகளின் செல்போனில்தான். மூட்டுவலியோடு சோபாவில் சாய்ந்திருப்பவள், “ஏய் கே.விஜி, எங்கடீ தொலைஞ்ச?” என்று கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறாள். பாட்டியை ‘டீ’ போட ஆள் இருக்கிறதா என்று பேரன் விழிக்கிறான். அந்த உரிமை உள்ளவர்களில் பெற்றோர் போய்விட்டார்கள். மிச்சம் பத்தாம் வகுப்பு பி பிரிவு.

அடுத்தது மூடிக் கோட்பாடு. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் தனிச்சொத்து. அதன் மூடி பொதுச்சொத்து. புளிசாதத்தோடு கிளம்பும் மூடி வட்டத்தைச் சுற்றி வருவதற்குள் தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், யாரோ பாதி கடித்த மாவடு எல்லாம் ஏறிவிடும். ‘காய்’ விட்டவளிடமிருந்தும் மூடி வாங்கப்படும், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. பேச்சு ‘பழம்’ ஆக மூன்று நாள் எடுக்கலாம். அதுவரை வறுவல் காத்திருக்க முடியுமா?

பையன்களுக்கும் நட்பு உண்டே என்பது எதிர்வாதம். உண்டுதான். ஆனால் அவர்களில் பலருக்கு அதே ஊர், அதே டீக்கடை. பெண்களோ கல்யாணமாகி ஊர் ஊராகச் சிதறினார்கள். இங்கேதான் இவ்வியலின் அச்சாணியான ஒருத்தி வருகிறாள்: உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஆடிக்கும் பிரசவத்துக்கும் அம்மா வீடு வந்தவர்களெல்லாம் அவள் வீட்டுத் திண்ணையில்தான் செய்தி கொடுத்து செய்தி வாங்கினார்கள். வாட்ஸ்அப் குழுவுக்கு இன்று அவளே அட்மின். ‘குட்மார்னிங்’ ரோஜாக்களைத் தடுக்க அவளாலும் ஆகவில்லை. திண்ணையே இல்லாமல் போனாலும் இந்த நட்பு நிற்கும்: அமெரிக்க மிஷன் 1824இல் உடுவிலில் பெண்கள் பள்ளி தொடங்கிய யாழ்ப்பாணத்தில், போர் திண்ணைகளையே கலைத்துப் போட்டது. அந்த மண்ணின் பெண்கள் கல்லூரிகளுடைய பழைய மாணவியர் இன்று டொரன்டோவிலும் லண்டனிலும் சங்கம் வைத்துக் கூடுகிறார்கள்.

இத்துறையில் மேலாய்வு செய்யப் பெரும் இடையூறு, “இன்னுமா பேசி முடிக்கல?” என்று எட்டிப் பார்க்கும் கணவன்மார்கள். அன்னாருக்கு எம் விண்ணப்பம்: மனைவி போனில் இருக்கையில் மூன்றாவது விசில் வந்தால், அடுப்பை நீங்களே அணைத்துவிடுங்கள்.