ஈஸ்ட் ஹாமில் மூணு வட்டி

ஈஸ்ட் ஹாம், லண்டன்
பிப்ரவரி 2026

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காய் கிடைக்கிறது. விலையைச் சொன்னால் பெரியம்மா சாம்பார் வைப்பதையே விட்டுவிடுவார் என்பதால் சொல்லவில்லை.

"எத்தனை பேங்கில் கணக்கு வைத்திருக்கிறாய், ஒழுங்காக எழுது" என்று கேட்டிருந்தீர்கள். உஸ்மான் ரோடு வியாபாரிகளின் ஸ்டாக் ஸ்டேட்மென்டை வங்கியில் உட்கார்ந்து முப்பது வருஷம் சந்தேகக் கண்ணோடு படித்தவர் நீங்கள். உங்களுக்கு ஒழுங்காக எழுதாமல் யாருக்கு எழுதப்போகிறேன்?

என் கணக்கு லேசு. அங்கே இரண்டு: கல்விக் கடன் கணக்கு ஒன்று, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ.வாக மாற்றிய பழைய சேமிப்புக் கணக்கு ஒன்று. "படிக்கத்தானே போகிறேன், நான் எப்படி என்.ஆர்.ஐ.?" என்று நான் வாதாடியதும், 2003-லேயே ரிசர்வ் வங்கி மாணவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டது என்று நீங்கள் என் வாயை அடைத்ததும் நினைவிருக்கும். இங்கே வெளிநாட்டு மாணவர்களுக்கான கணக்கு ஒன்று, போனிலேயே குடியிருக்கும் ஆப் வங்கி ஒன்று. ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கிடையாது. அதை இங்கே வந்த புதிதில் எங்களுக்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள். மூன்று வருஷமாவது இந்த நாட்டில் இருந்தவர்களுக்குத்தான் அந்தப் பாக்கியம்.

இந்தக் கடிதம் அப்படி ஒரு பாக்கியசாலியைப் பற்றியது. என் பக்கத்து அறைப் பெண். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்தது லண்டனில், பெற்றோர் இப்போது மில்டன் கீன்ஸில். பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். நாலு வங்கிகளில் கணக்கு. அவற்றில் இரண்டில் மைனஸ்.

ஓ.டி. என்றால் உங்களுக்கு ரங்கநாதன் தெரு பாத்திரக் கடைக்காரர் ஞாபகம் வரும். சரக்கைக் காட்டி, பத்திரத்தை வைத்து, ஜாமீன் கொடுத்து, உங்கள் மேஜைக்கு முன்னால் வியர்த்து நின்று வாங்கியது. ஜன் தன் கணக்கில்கூட 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு. இங்கே அந்த மூன்று வருஷத்தோடு பதினெட்டு வயசும் நிரம்பி, கல்லூரியில் இடம் கிடைத்த கடிதத்தைக் காட்டினால் பெரும்பாலும் போதும். முதல் வருஷம் ஆயிரம் பவுண்டு அளவில் ஆரம்பித்து, சில வங்கிகளில் மூன்றாம் வருஷம் 3,000 வரை போகிறது. வட்டி இல்லை. ஒரு வங்கி நாலு வருஷத்துக்கு ரயில் சலுகை அட்டையும் சேர்த்துத் தருகிறது. மாணவர்களை இப்போது பிடித்து வைத்தால் சாகும்வரை கணக்கை மாற்றமாட்டார்கள் என்பது வங்கிகளின் கணிப்பு. கணிப்பு சரி என்று நீங்களே சொல்வீர்கள், நீங்கள் இன்னும் 1971-ல் திறந்த கணக்கில்தானே பென்ஷன் வாங்குகிறீர்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஓ.டி. தேவைப்படுவதற்கு நியாயமும் இருக்கிறது. அரசாங்கம் தரும் செலவுக் கடன் பருவத்துக்கு ஒரு தவணையாக வருஷத்தில் மூன்று முறை வருகிறது. பசி தினம் வருகிறது. நடுவில் இருக்கும் வாரங்களை ஓ.டி. தாண்டவைக்கிறது. அந்தக் கல்விக் கடன் கதையைக் கேளுங்கள்: 2023-லிருந்து படிக்கச் சேர்ந்தவர்கள் வருஷம் 25,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கும் தொகையில் 9 சதவீதம் கட்டினால் போதும், 40 வருஷம் ஆனால் மீதி தள்ளுபடி. உட்கார்ந்துகொண்டு படிக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

சிக்கல் மைனஸில் இல்லை, நாலில். ஸ்டூடண்ட் கணக்கு ஒன்று. வாரச் செலவுக்கு ஆப் வங்கி ஒன்று. மற்ற இரண்டும் பரிசுக்காகத் திறந்தவை. இங்கே வங்கியை மாற்றினால் நூறு, நூற்றைம்பது பவுண்டு கையில் தருவார்கள். மாசம் இவ்வளவு உள்ளே வரவேண்டும், இரண்டு டைரக்ட் டெபிட் ஓடவேண்டும் என்று நிபந்தனை. அவளிடம் இருந்ததோ ஒரே ஒரு பணம். அது முதல் தேதி இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்கும், மூன்றாம் தேதி அங்கிருந்து இன்னொன்றுக்கும், ஐந்தாம் தேதி திரும்பப் பழைய இடத்துக்கும் போகும்படி நிரந்தர உத்தரவு போட்டிருந்தாள். காலையில் பனகல் பார்க்கில் சுற்றிச் சுற்றி நடக்கும் பெரியவர்கள் மாதிரி அந்தப் பணம் வியர்த்தது, எங்கேயும் போய்ச் சேரவில்லை.

"உன்னிடம் மொத்தம் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டேன்.

"ஆயிரத்துச் சொச்சம் இருக்குமக்கா" என்றாள். கூட்டிப் பார்த்தால் மைனஸ் 1,260. எடுக்காமல் மிச்சமிருந்த ஓ.டி.யையும் அவள் வரவாக எண்ணியிருந்தாள். இது அவள் ஒருத்தியின் கணக்கு முறை இல்லை. இங்கே வங்கிகளை மேய்க்கும் எஃப்.சி.ஏ. ஆணையம், ஓ.டி.யையும் சேர்த்து "கையில் உள்ள பணம்" என்று வாடிக்கையாளருக்குக் காட்டக்கூடாது என 2019 டிசம்பரில் தடையே போடவேண்டியிருந்தது. வங்கிகள் நிறுத்திவிட்டன. பிள்ளைகள் மனசுக்குள் நிறுத்தவில்லை.

இனிமேல்தான் உங்களுக்குக் கோபம் வரப்போகும் இடம். அந்தப் பரிசுக் கணக்கு ஒன்றில் சாதாரண ஓ.டி. இருந்தது, அதில் 180 பவுண்டு மைனஸ். அதற்கு வட்டி வருஷத்துக்கு 39.9 சதவீதம். 2020 ஏப்ரலிலிருந்து தினக் கட்டணம், மாதக் கட்டணம் எல்லாவற்றையும் ஒழித்து ஒரே வட்டி விகிதமாகச் சொல்லவேண்டும் என்று அதே ஆணையம் உத்தரவிட்டது. உடனே பெரிய வங்கிகள் பலவும் சொல்லிவைத்தாற்போல் நாற்பது பக்கம் வந்து நின்றுவிட்டன. நம் ஊர்க் கணக்கில் மாசம் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்குச் சற்றுக் கீழே. மூணு வட்டி, பெரியப்பா! நம் ஊரில் கந்து வட்டி, மீட்டர் வட்டி என்று பெயர் சொல்லி 2003-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கே அதைக் கண்ணாடிக் கதவு போட்ட கட்டடத்தில், குட் மார்னிங் சொல்லி வாங்குகிறார்கள்.

ஸ்டூடண்ட் கணக்கில் வட்டியில்லாமல் 900-க்கு மேல் எடுக்க இடம் இருக்கும்போதே, இங்கே 180-க்கு மாசம் ஐந்து பவுண்டு போய்க்கொண்டிருந்தது. நாலு ஆப்பில் நாலு துண்டாகப் பார்த்தவளுக்கு அது தெரியவே இல்லை.

சமையலறை மேஜையில் உட்கார்ந்தோம். முதல் வேலை, பூஜ்ய வட்டியிலிருந்து எடுத்து மூணு வட்டியை அடைத்தோம். பிறகு பணத்தின் நடைப்பயிற்சியை நிறுத்தினோம். பரிசுக் கணக்கு ஒன்றை ஆப் வங்கிக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பித்தாள். 2013 செப்டம்பரிலிருந்து இங்கே இதற்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது: ஏழு வேலை நாளில் டைரக்ட் டெபிட், நிரந்தர உத்தரவு எல்லாவற்றையும் அவர்களே புது வங்கிக்குக் கொண்டுபோய், பழைய கணக்கை மூடியும்விடுகிறார்கள். தப்பிப் பழைய எண்ணுக்கு வரும் பணமும் புது இடத்துக்கே திரும்பிவிடுகிறது. நம் ஊரில் கணக்கை மூட மேனேஜர் லஞ்சிலிருந்து வரக் காத்திருந்தவர்களுக்கு இது பொறாமையாகத்தான் இருக்கும். இன்னொன்றை ஒரு செய்தி அனுப்பி மூடினாள்.

"எல்லாத்தையும் ஒண்டாக்கிவிடுவமே அக்கா?" என்று உற்சாகத்தில் ஸ்டூடண்ட் கணக்கையும் மாற்றப் பார்த்தாள். நல்லவேளை, கையைப் பிடித்தேன். அதை மாற்றினால் மைனஸை முழுக்க அடைக்கவேண்டும், அல்லது புது வங்கி அந்த அளவுக்கு ஓ.டி. தர ஒப்புக்கொள்ளவேண்டும். ஆப் வங்கி எதற்கு வட்டியில்லாமல் தரும்? அதனால் அரசுக் கடனும் வாடகையும் ஸ்டூடண்ட் கணக்கில், வாரச் செலவு ஆப்பில். ஆக இரண்டு.

நீங்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் பாத்திரக் கடைக்காரரின் ஓ.டி. தீபாவளி முடிந்தால் பிளஸ்ஸுக்கு வந்து மூச்சு விட்டுப் போகும். இவளுடையது அப்படி ஊசலாடாது. அவள் படிப்பை முடித்த பிறகு கணக்கைப் பட்டதாரிக் கணக்காக்கி, வட்டியில்லாத அளவை வருஷா வருஷம் குறைப்பார்கள். அதற்குள் அடைக்காவிட்டால் மூணு வட்டி வாசலில் நிற்கும். அதனால் மாசம் 40 பவுண்டு என்று இப்போதே ஆரம்பிக்கச் சொன்னேன். சனிக்கிழமை கடை வேலையிலிருந்து கட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். பார்ப்போம்.

எல்லாப் பணத்தையும் ஒரே வங்கியில் வைக்காதே என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. 1906-ல் அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்து மெட்ராஸே தலையில் கைவைத்ததும், அந்தச் சூட்டில் கிருஷ்ணசாமி அய்யர் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கி பிறந்ததும் நான் உங்கள் மடியில் கேட்ட கதை. ஆனால் இங்கே ஒரு வங்கிக்கு 1,20,000 பவுண்டு வரை காப்புறுதி உண்டு, போன டிசம்பரில்தான் உயர்த்தினார்கள். எங்கள் வீட்டில் அந்த வரம்பைத் தாண்டும் அபாயம் யாருக்கும் இல்லை. தவிர, வங்கி கவிழ்ந்தால் மைனஸ்காரிக்கு என்ன நஷ்டம்?

இப்போது உங்களிடம் இரண்டு வேலை. மேலே எண்ணாமல் விட்ட, பள்ளிக்கூடத்தில் எனக்குத் திறந்து கொடுத்த சேமிப்புக் கணக்கு இன்னொன்று பாண்டி பஜார் கிளையில் கிடக்கிறது. இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாவிட்டால் தூங்கும் கணக்காகிவிடும், பத்து வருஷம் ஆனால் பணம் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போய்விடும். போகும் வழியில் எட்டிப் பார்த்து, மூட நான் என்ன கையெழுத்து அனுப்பவேண்டும் என்று கேளுங்கள்.

இரண்டாவது, அந்தப் பெண்ணின் சித்தப்பா மாசம் நூறு பவுண்டுச் சீட்டில் சேரச் சொல்கிறாராம். "உங்கட பெரியப்பாவிட்டக் கேட்டுச் சொல்லுங்கோவன்" என்கிறாள். பதில் எழுதுங்கள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வரும், உங்கள் கையெழுத்துதான் யாருக்கும் வராது. பெரியம்மாவை எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைக்குட்டி