முடியாது சாமி!

கம்பம் பள்ளத்தாக்கில் வந்து திராட்சைத் தோட்டத்தைப் பற்றிப் பிரசங்கம் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். இங்கே திராட்சையைக் கொண்டுவந்தவரே 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் என்கிறார்கள். 2023-ல் எங்கள் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆகவே மத்தேயு 21-ஆம் அதிகாரத்தை ஃபாதர் விளக்கத் தொடங்கினால், கீழே இருப்பவர்கள் பாவிகளாக அல்ல, நிபுணர்களாகக் காது கொடுக்கிறார்கள்.

கதை தெரிந்ததுதான். இரண்டு மகன்களையும் தோட்டத்து வேலைக்குப் போகச் சொல்கிறார் தகப்பன். ஒருவன் முடியாது என்கிறான், பிறகு மனசு மாறிப் போகிறான். இன்னொருவன் உடனே தலையாட்டுகிறான், போகவில்லை.

"என்ன வேலைன்னு சொல்லலையே?" என்றாள் என் பெரியம்மா, பெண்கள் வரிசையிலிருந்து பாதிக் கோயிலுக்குக் கேட்கும்படி. "கவாத்தா, மருந்தடிக்கவா? மருந்துன்னா நானும்தான் முடியாதும்பேன்."

அவள் எதற்கும் முதலில் முடியாது என்பவள்தான். பெரியப்பா நேர்மாறு. கடவுளுக்கு அவர் 'இல்லை' என்று சொன்னதே கிடையாது. செய்ததும் கிடையாது. யோவான் நற்செய்தியில் இயேசு அன்பையும் கட்டளைகளைக் கடைப்பிடிப்பதையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறார். எங்கள் வீட்டில் அதைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள்: முன்பாதி பெரியப்பாவுக்கு, பின்பாதி பெரியம்மாவுக்கு.

ஜெபக் கூட்டத்தில் கரங்களை உயர்த்தச் சொன்னால் பெரியப்பாவின் கை கூரையைத் தொடும். பெரியம்மா மடியிலிருந்து கையை எடுக்கமாட்டாள். பகலெல்லாம் திராட்சைப் பந்தலுக்கு அடியில் கையைத் தூக்கிக் கவாத்து வெட்டியவளுக்கு, ஆண்டவர் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பக்கத்து வயல்காரியோடு அவளுக்கு வாய்க்கால் தகராறு. மேற்கே போன பெரியாற்றுத் தண்ணீரை 1895-ல் கிழக்கே திருப்பிவிட்டார் பென்னிகுவிக். அந்தத் தண்ணீருக்காகச் சண்டை போட்ட இந்த இருவரின் முகத்தையும் ஒருவர் பக்கம் ஒருவர் திருப்ப யாராலும் முடியவில்லை.

ஒருநாள் அந்தப் பக்கத்து வயல் அக்கா வரப்பில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். தனியாள். அன்பியக் கூட்டத்தில் ஃபாதர், "ஒரு வாரம் யாராவது சாப்பாடு கொடுக்க முடியுமா?" என்றார்.

"ஆகட்டும் சாமி, எங்க வீட்லருந்து போகும்!" என்றார் பெரியப்பா.

"அவளுக்கா? என்னால முடியாது சாமி!" என்றாள் பெரியம்மா.

சாயங்காலம் அடுப்படியில் பாத்திரங்கள் வழக்கத்தைவிட ஓங்கி உருண்டன. அடுப்பு, விறகு, அந்த அக்கா, அவர் பரம்பரை என்று எல்லோருக்கும் திட்டு விழுந்தது. பிறகு பார்த்தால் தூக்குவாளியைக் காணோம், பெரியம்மாவையும் காணோம்.

"படுத்துக் கெடக்கும்போதே கொழம்புல புளி தூக்கலுங்கிறா! நாளைக்கு எவ போறான்னு பாப்போம்" என்றபடி திரும்பினாள்.

மறுநாள் குழம்பில் புளி குறைந்திருந்தது. எங்களுக்குத்தான் சப்பென்று இருந்தது.

ஞாயிறு பூசை முடிவில், ஒரு வாரம் உணவளித்த குடும்பத்துக்கு ஃபாதர் நன்றி சொன்னார். பெரியப்பா எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார்.