அஞ்சடியில் இரண்டு படிகள்: கித்தார்ப் பலகையின் மேஜர் ஸ்கேல் குறித்த ஓர் ஆய்வு

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் கித்தார் பழகத் தொடங்குபவர் கையில் முதலில் வந்து சேர்வது சில கட்டப் படங்கள். மேஜர் ஸ்கேலுக்கு ஐந்து பேட்டர்ன் என்பது ஒரு மரபு. கம்பிக்கு மூன்று சுரம் என்று பகிர்ந்து கற்பிக்கும் மரபில் படங்கள் ஏழாகும். ஐந்தா ஏழா என்ற இவ்வழக்கில் இரு தரப்பும் பிழை என்பதே இவ்வாய்வின் துணிபு. இருப்பவை மூன்றே விரல் வடிவங்கள். அவை வரிசை மாறாமல் சுற்றி வருகின்றன. இவ்வளவு முக்கியமான செய்தியைக் கண்டுகொள்ளாமலே யுனெஸ்கோ 2008இல் இந்நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்துவிட்டது.

சான்றுக்கு வருவோம். மேஜர் ஸ்கேலின் சுரத்தானங்கள் 29ஆம் மேளமான தீரசங்கராபரணத்தின் சுரத்தானங்களே. க–ம, நி–ச ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் ஒரு ஃபிரெட் இடைவெளி. மற்ற இடங்களில் இரண்டு. கம்பிக்கு மூன்று சுரமாக வைத்தால் ப-த-நி, ச-ரி-க, ம-ப-த மூன்றும் ஒரே அகல வடிவம். நி-ச-ரி, க-ம-ப இரண்டிலும் குறுகல் முன்னால் வரும். த-நி-ச, ரி-க-ம இரண்டிலும் பின்னால் வரும். தடித்த கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் சட்ஜம் வைத்து ஏறிப் பார்க்கலாம்: 3-5-7, 3-5-7, 4-5-7, 4-5-7, 5-7-8, 5-7-8. இரண்டிரண்டாக மூன்று வடிவங்கள், அவ்வளவே. வேறிடத்தில் தொடங்கினால் சுற்றின் வேறொரு கண்ணியில் தொடங்குகிறோம். அதைத்தான் புதுப் பேட்டர்ன் என்று புதுத்தாளில் அச்சடிக்கிறார்கள்.

அப்படியானால் படங்கள் ஏன் வெவ்வேறாகத் தோன்றுகின்றன? இடறும் இடங்கள் இரண்டு. அடுத்தடுத்த கம்பிகளுக்கு இடையே பொதுவாக ஐந்து அரைச்சுரம். மூன்றாம் கம்பிக்கும் இரண்டாம் கம்பிக்கும் இடையே மட்டும் நான்கு. ஆகவே அங்கே வடிவம் ஒரு ஃபிரெட் மேலே நகர்கிறது. மத்யமத்தில் தொடங்கிய கம்பியிலிருந்து நிஷாதக் கம்பிக்குப் போகும்போதோ தேவைப்படுவது ஆறு. அங்கும் ஒரு ஃபிரெட் நகர்வு. இரண்டும் ஒரே இடத்தில் கூடினால் இரண்டு ஃபிரெட். இவ்வூரின் சூலியா தெரு அஞ்சடியில், அதாவது கடைவரிசையின் முன்னுள்ள நடைபாதையில், நடப்பவருக்கு இது புதிதன்று. ஒரு கடைவாசலின் தரை அடுத்த வாசலைவிட ஒரு படி உயர்ந்திருக்கும்; காலைத் தூக்கி வைத்து நடையைத் தொடர்வார்கள். படி வந்ததால் ஊர் மாறிவிட்டது என்று எவரும் புது வரைபடம் வாங்குவதில்லை.

கமகமில்லாத சுரவரிசையைச் சங்கராபரணம் என்பது அபசாரம் என்பாரும் உளர். அது அமையாது. கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தின் பேண்டு மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதர் நோட்டுசுர சாகித்தியங்கள் இயற்றியதும் சங்கராபரணத்தில்தான். அவற்றிலும் கமகத்துக்கு வேலையில்லை. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றியதும் அதே கம்பெனிக்காக என்பதால், இவ்வாய்வு இவ்வூரில் நிகழ்வதற்குச் சரித்திர நியாயமும் உண்டு (தேவைப்படுவோர்க்கு). 1929இல் இவ்வூரில் பிறந்த மலாய் இசைக்கலைஞர் பி. ரம்லி இப்படி எண்ணிக்கொண்டா வாசித்தார் என்பது வேறொரு கேள்வி. செவி தேறியவருக்கு ஐந்து படமும் வேண்டாம், மூன்று வடிவமும் வேண்டாம். தொடக்கநிலையாளரின் இடர்ப்பாடு கண்ணில் இருக்கிறது. புள்ளிகளைப் படமாகப் பார்க்கிறாரே தவிர, இடைவெளியாகப் பார்ப்பதில்லை.

வலுவான மறுப்பு இனிமேல்தான். குற்றம் அந்த நான்கு அரைச்சுரத்தில் என்றால், எல்லாக் கம்பிகளையும் ஐந்தைந்தாகவே கட்டிக்கொள்ளலாமே? கட்டலாம், அப்படிக் கட்டி வாசிப்போரும் உண்டு. ஆனால் ஐந்து இடைவெளியும் ஐந்தைந்தானால் மொத்தம் 25. இப்போதுள்ள 24இல்தான் தடித்த கம்பியும் மெல்லிய கம்பியும் இரண்டு ஸ்தாயி தள்ளி ஒரே சுரத்தில், ஈ-யில், நிற்கின்றன. ஒன்று கூடினால் மெல்லியது எஃப் ஆகும். சுட்டுவிரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே கிடத்திப் பிடிக்கும் பழகிய பார் கார்டு வடிவங்கள் உடையும். சீர்திருத்தக்காரர் அதற்கும் துணிந்து கம்பிகளை முறுக்கிக் கட்டிவிட்டார் என்றே கொள்வோம். இரண்டு படிகளில் ஒன்றைத்தான் அவர் இடித்திருக்கிறார். ம–நி படி அப்படியே இருக்கும். அது கித்தாரில் இல்லை, சங்கராபரணத்தில் இருக்கிறது.