தனி ஆவர்த்தனமும் கடைசி பஸ்ஸும்

அனுப்புநர்: பால்கனி சீசன் டிக்கெட்காரர், குரோம்பேட்டை.

பெறுநர்: மாநகரப் போக்குவரத்தைத் திட்டமிடும் உயர் அலுவலர் அவர்கள், சென்னை.

பொருள்: மார்கழி இசை விழா – தனி ஆவர்த்தனத்தின்போது ரசிகர்கள் எழுந்து ஓடுதல் – உண்மைக் காரணம் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்திலிருந்து இதுவரை வராத பதில்கள்.

ஐயா,

டிசம்பர் பிறந்தால் பத்திரிகைகளில் ஒரு புலம்பல் தவறாமல் வரும். சென்னை ரசிகருக்கு லயஞானம் கிடையாது, மிருதங்கக்காரர் தனி வாசிக்க ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு அடை அவியல் தின்னப் போய்விடுகிறார் என்று. இது அபாண்டம். அடையின் மேல் பழி போடாதீர்கள். சபாவைக் காலி செய்யும் பெருமை முழுக்கத் தங்களையே சேரும். உரியவருக்கு அதைச் சேர்ப்பிக்கத்தான் இக்கடிதம்.

ஆறரை மணிக் கச்சேரியில் எட்டரை வாக்கில் நடப்பதைத் தாங்கள் வந்து பார்க்க வேண்டும். பிரதான உருப்படியின் ஸ்வரம் முடிகிறது. பாடகர் மிருதங்க வித்வானைப் பார்த்துத் தலையசைக்கிறார். உடனே நாற்காலிகள் டப் டப்பென்று மடங்குகின்றன. முன்வரிசை மாமா மஃப்ளரை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டுகிறார். பக்கத்தில் மாமி, "29சி போயிடும்னா, எழுந்திருங்கோ" என்கிறார். இதைச் சொல்லும்போதும் மாமியின் வலது கை தொடையில் ஆதி தாளம் போட்டபடி இருக்கிறது. சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல். வரிசையில் எல்லோர் முழங்காலையும் இடித்துக்கொண்டு வெளியேறும்போதும் எண்ணிக்கை தப்பவில்லை. வாசற்கதவு சாத்தும்போது சரியாகச் சமத்துக்கு வந்து நின்றார். இவருக்கா லயஞானம் இல்லை? ஐயா, இவருக்கு இல்லாதது ஒன்பது மணிக்கு மேல் ஒரு பஸ்.

1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி வந்தது. பின்னர் சபாக்கள் பெருகி, இன்று டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி பாதி வரை கச்சேரிகள் ஆயிரத்தைத் தாண்டுகின்றன. தேதி மாறுவதில்லை. இடம் மாறுவதில்லை. நாலு மணிக் கச்சேரி நாலு மணிக்கு, மாலைக் கச்சேரி ஆறரைக்கு. வினாத்தாள் தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே வெளியாகிவிட்ட பரீட்சை இது. இதிலும் வெற்றுத்தாள் கொடுப்பதற்குத் தனி மனவுறுதி வேண்டும்.

தங்களுக்குத் தெரியாது என்று சொல்ல வரவில்லை. 2023-இல் சேப்பாக்கம் ஐபிஎல் டிக்கெட்டையே மெட்ரோ டிக்கெட்டாக்கியது இதே நகரம்தான். அதே வருஷம் செப்டம்பரில் பனையூரில் ஏ.ஆர். ரகுமான் கச்சேரியன்று கிழக்குக் கடற்கரைச் சாலை ஸ்தம்பித்ததும் விசாரணை பறந்தது. எங்களிடம் உள்ள குறை இதுதான்: நாங்கள் சாலையை ஸ்தம்பிக்க வைப்பதில்லை. மஃப்ளர் கட்டிய அறுபது வயதுக்காரர்கள் ஒவ்வொருவராக இருட்டில் நடந்து போனால் அது செய்தியாகாது.

நடப்பதற்கு வழியும் ஏராளம். அண்ணா சாலையில் மெட்ரோ இரவு பதினொன்று வரை ஓடுகிறது. கச்சேரி ஒன்பதுக்கு முடிகிறது. இதைவிடப் பொருத்தம் கல்யாணத் தரகராலும் பார்க்க முடியாது. அகாடமிக்கும் நிலையத்துக்கும் நடுவில் கதீட்ரல் சாலை என்று ஒன்று இருப்பதை மட்டும் மறந்துவிட்டோம். நாலு மணிக்கு மயிலாப்பூர் மாட வீதியில் கேட்டுவிட்டு, ஆறரைக்குத் தியாகராய நகரில் கேட்க நினைக்கும் பேராசைக்காரர்களும் உண்டு. மகாராஜபுரம் சந்தானத்தின் பெயரை அங்கே ஒரு சாலைக்கே வைத்தோம். அந்தச் சாலைக்கு இவர்கள் போய்ச் சேரும்போது வர்ணம் முடிந்திருக்கும், பல நாள் இரண்டாவது கிருதியும்.

118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்ட மெட்ரோவில் திருமயிலை, ஆழ்வார்ப்பேட்டை, பனகல் பார்க் என்று நிலையங்கள் வரிசையாக வருகின்றன. வரைபடம் போட்டவர் கட்டாயம் சீசன் டிக்கெட் வைத்திருந்தவர். அவருக்கு என் நமஸ்காரம். அது ஓடும்வரை எங்களுக்குக் கிடைத்திருப்பது தகரத் தடுப்பும் லஸ்ஸைச் சுற்றும் மாற்றுப்பாதையும். 2017-இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்ததே, அவர்கள் ஒன்பதே காலுக்கு ஆர்.கே. சாலை நிறுத்தத்தில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் கச்சேரிப் பட்டியலை வரிக்கு வரி படித்துத் திட்டம் போடுகிற ஒரு தரப்பு இந்த நகரத்தில் உண்டு. சபா வாசல் ஆட்டோக்காரர்கள். எட்டரைக்கு வெளியே வந்தால், "இன்னா சார், தனி உட்டாச்சா?" என்று கேட்கிறார்கள். அந்நேரம் ஒரு விலை, ஏனென்றால் பஸ் இன்னும் இருக்கிறது. மங்களம் பாடிய பிறகு வேறு விலை. குறைந்தபட்சக் கட்டணம் 25 ரூபாய் என்று 2013-இல் அரசு நிர்ணயித்ததை ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். கோபிக்கவில்லை, பழைய பாட்டு கேட்டவர் போலச் சிரித்தார்.

மெட்ரோ கேட்கவில்லை ஐயா. டி.டி.கே. சாலை, லஸ், மாட வீதி, பனகல் பார்க், தேனாம்பேட்டை மெட்ரோ என்று சுற்றிவர நாலைந்து மினி பஸ், ஒரு மாதத்துக்கு, இரவு பத்துவரை. டிக்கெட்டுக்குக் காசும் தருகிறோம்.

அது இயலாதெனில் இசையையே தங்கள் கால அட்டவணைக்குத் திருத்திவிடலாம். தனி ஆவர்த்தனத்தை வர்ணத்துக்கும் முன்னால் வைக்கச் சொல்லி அரசாணை போடுங்கள். ஆறரைக்கு அரங்கில் ஆள் இருக்கும். கோர்வையை மூன்று முறை வாசிப்பது ஆடம்பரம், இரண்டு போதும் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். கடம், கஞ்சிரா, மோர்சிங் மூன்றும் இருக்கும் நாளில் மட்டும் கடைசி பஸ்ஸை ஏழு நிமிடம் நிறுத்தி வைக்கக் கண்டக்டருக்கு அதிகாரம் தரலாம்.

ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பால்கனி ரசிகர்

நகல்:
மிருதங்க வித்வான்கள் அனைவரும் – தகவலுக்காக.
சபா வாசல் ஆட்டோ ஸ்டாண்டு – அடுத்த ஆண்டுக்கான போக்குவரத்துத் திட்டத்தைத் தயாரித்து அலுவலர் அவர்களுக்கு அனுப்பிவைக்கும் பொருட்டு.