சென்னையில் ஓசி ரசிகர்

கேள்வி: வேலைக்காகச் சென்னை வந்தேன். மால், சினிமா தவிர வேறொன்றும் பார்த்ததில்லை. கலை, விளையாட்டையெல்லாம் ரசிக்க நிறையக் காசு வேண்டுமோ?
- வாசகர், வேளச்சேரி

பதில்: காசு வேண்டாம் சார், மாலை விட்டு வெளியே வந்தால் போதும். மார்கழியில் சபாக்களின் பகல் கச்சேரிகள் பலவும் இலவசம். மேடையில் இளம் பாடகர் உயிரைக் கொடுத்துப் பாடுவார். பாதி நாற்காலி காலியாக இருக்கும். ரசிகர்கள் எங்கே? கேன்டீனில், வாழையிலை முன்னால்! தாளம் தப்பினால்கூட மன்னிக்கும் மாமாக்கள், சாம்பாரில் உப்பு தப்பினால் மன்னிக்க மாட்டார்கள். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழாவுக்குப் போங்கள். மாட வீதிகளில் நீர்மோர் இலவசம், மிதிபடுவதும் இலவசம்.

விளையாட்டா? சேப்பாக்கத்தில் கிரிக்கெட்டுக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால் அழாதீர்கள். வடசென்னைப் பக்கம் வாருங்கள். வியாசர்பாடியில் கால்பந்து, சந்துக்குச் சந்து கேரம். கேரமில் உலகச் சாம்பியனாகி 1996இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் நம்ம ஊர்க்காரர்தான். பலகையைச் சுற்றி ஆடுபவர் நாலு பேர், யோசனை சொல்பவர் நாற்பது பேர். நாற்பத்தோராவது ஆளாக நீங்களும் நில்லுங்கள், யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள். சிவப்புக் காய் விழும் நேரத்தில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்!