எதில் தொடங்குவது?

கேள்வி: ஃபுல் ஸ்டாக் டெவலப்பர் ஆக ஆசை. நேராக ரியாக்ட்டில் இறங்கலாமா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: ரியாக்ட் வெளிவந்தது 2013-இல், அதைத் தாங்கி நிற்கும் ஜாவாஸ்கிரிப்ட் 1995-லேயே வந்துவிட்டது. மூத்தவருக்கே முதல் மரியாதை! எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் கைக்கு வந்தபின் ரியாக்ட்டுக்குப் போங்கள். நோட்.ஜேஎஸ் இருப்பதால் சர்வருக்கும் ஜாவாஸ்கிரிப்டே போதும். கூடவே எஸ்க்யூஎல், கிட் இரண்டையும் பழகுங்கள். பிறகு தெருமுனை மளிகைக் கடைக்கு ஒரு கடன் கணக்கு ஆப் எழுதுங்கள். ‘சேமி’ பட்டனைத் தட்டியதும் தொகை சர்வருக்குப் போய், டேட்டாபேஸில் பதிந்து, திரைக்குத் திரும்ப வேண்டும். அவசரத்தில் இரண்டு முறை தட்டினால் பாக்கி இரட்டிப்பாகிறதா? வாடிக்கையாளர் சண்டைக்கு வருமுன் திருத்திவிடுங்கள். பத்து வீடியோ பார்ப்பதைவிட அந்த ஒரு பிழை அதிகம் கற்றுத்தரும்!