பச்சை மைக்கு ஒரு பாராட்டு மடல்

பணி நிறைவு பெறும் நகரமைப்புத் திட்ட அதிகாரி ஐயா அவர்களுக்கு, சென்னைப் பொதுமக்களாகிய நாங்கள் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றபடி வாசித்தளிக்கும் மடல் இது. சால்வை நனைந்துவிட்டது, பொறுத்தருள்க.

கல்லூரியில் நீங்கள் பேட்ரிக் கெட்டிஸைப் படித்தீர்கள். 1915 வாக்கில் மதராஸ் மாகாணத்து ஊர்களைத் தெருத்தெருவாகச் சுற்றி அறிக்கை எழுதிய ஸ்காட்லாந்துக்காரர். குடியிருப்பை மொத்தமாக இடித்துத் தள்ளாதீர்கள், நோயுள்ள இடத்தில் மட்டும் கத்தி வையுங்கள் என்றார். பரீட்சைக்கு அது போதுமானதாக இருந்தது. வேலைக்கு வந்ததும், பச்சை மை பேனாவைத் திறந்த கையோடு, கெட்டிஸை மூடி வைத்துவிட்டீர்கள்.

உங்கள் முன்னோர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். 1920களில் மயிலாப்பூர் ஏரியைத் தூர்த்து தியாகராய நகர் எழுப்பினார்கள். நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை, வாடகைக்கு மட்டும் குறைவில்லை.

ஆனாலும் பள்ளிக்கரணைக்கு ஈடாக அவர்களால் எதையும் காட்ட முடியாது. தென்சென்னை ஏரிகளின் மிகுநீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்பிவந்த கழுவெளி அது. உங்கள் மேஜைக்கு வந்தபோது ஒன்றுக்கும் உதவாத வெற்று நிலமாகிவிட்டது. பெருங்குடியில் மாநகரின் குப்பையைக் கொட்டினீர்கள். நடுவே அகலச் சாலை போட்டீர்கள். மென்பொருள் கம்பெனிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வழிவிட்டீர்கள். கடலையும் காற்றையும் ஆராயும் மத்திய அரசு நிறுவனங்களுக்குக்கூட இடம் அங்கேதான் கிடைத்தது. எல்லாம் முடிந்த பிறகு, 2022இல், மிச்சம் இருந்ததற்கு ராம்சர் ஈரநிலம் என்ற அந்தஸ்து வந்தது. அன்றைக்கும் மாலை உங்கள் கழுத்தில்தான் விழுந்தது.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டு அடையாறு ஊருக்குள் புகுந்தபோது, பழி சுமக்க ஆள் தேவைப்பட்டது. ஆற்றின் குறுக்கே பாலம் போட்டு நீட்டிய விமான ஓடுபாதை ஆக்கிரமிப்பு ஆகுமா? ஆகாது, அது உட்கட்டமைப்பு. பக்கிங்காம் கால்வாய்க்குள் நட்ட பறக்கும் ரயிலின் தூண்கள்? அது வளர்ச்சி. கரையில் நாலு தகரத்தைச் சாய்த்துக் குடியிருந்தவன்தான் ஆக்கிரமிப்பாளன். நீர்வழியைக் கெடுத்தவன் அவனே என்று உங்கள் கோப்பு கண்டுபிடித்தது.

பள்ளி ஆண்டு முடியட்டும் என்று கரையில் குடியிருந்தவர்கள் கெஞ்சினார்கள். பொக்லைன் அதுவரை பொறுக்கவில்லை. பெரும்பாக்கத்து எட்டு மாடி மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு ஏற்றி அனுப்பினீர்கள். அவர்கள் பாத்திரம் தேய்த்த வீடுகள் மயிலாப்பூரில், மீன் வாங்கி விற்ற கரை பட்டினப்பாக்கத்தில். சம்பாதிப்பதில் பாதி போக்குவரத்துக்குப் போனது. சரி, உயிராவது மிஞ்சும் என்றீர்கள். அந்தப் பெரும்பாக்கமும் இதே பள்ளிக்கரணையின் நீர்ப்பிடிப்பில்தான் இருக்கிறது. 2023 மிக்ஜாம் புயலில் அங்கே நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. வெள்ளத்திலிருந்து மீட்டவர்களை வெள்ளத்திலேயே, அரசு செலவில், குடியமர்த்திய சாதனைக்கு எந்த விருது கொடுத்தாலும் தகும்!

வரம்பு மீறுகிற எல்லோரிடமும் நீங்கள் இப்படிக் கடுமை காட்டியதில்லை. அனுமதியில்லாத மாடி, பக்கத்தில் விடாத இடம், கார் நிறுத்தத்தில் முளைத்த கடை எல்லாவற்றுக்கும் 1998இல் நகரமைப்புச் சட்டத்திலேயே 113-ஏ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. கட்டணம் கட்டினால் விதிமீறல் வரன்முறை ஆகிவிடும். ஒரே ஒரு தடவைதான் என்றார்கள். அப்புறம் கெடு தேதி தள்ளிக்கொண்டே போனது. கான்கிரீட்டில் மீறியவனுக்கு ரசீது, கீற்றில் மீறியவனுக்கு பொக்லைன். இந்த ஒற்றை விதியைத்தான் நீங்கள் ஒரு நாளும் மீறவில்லை.

கிளாம்பாக்கத்தை எப்படி மறப்பது? ஊருக்கு வெளியே அவ்வளவு பெரிய பேருந்து முனையத்தை உங்கள் பெருநகர் வளர்ச்சிக் குழுமமே கட்டி, 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது. திறந்த அன்று வாசலில் ரயில் நிலையம் இல்லை. மாப்பிள்ளை வருவதற்கு முன்பே தாலி கட்டி முடித்த கல்யாணம் அது. நள்ளிரவில் குழந்தையும் மூட்டையுமாக இறங்கியவர்களிடம் ஆட்டோக்காரர்கள் கேட்ட தொகையை உங்கள் திட்ட அறிக்கையில் எந்தப் பக்கத்தில் சேர்த்தீர்கள்?

இத்தனைக்கும் நடுவே பரிசும் கிடைத்தது. 1,189 சதுர கிலோமீட்டர் பெருநகர்ப் பகுதியில் ஒரு சதுப்பைக் காப்பாற்ற முடியாதவர்களிடம், 2022இல் 5,904 சதுர கிலோமீட்டரை ஒப்படைத்தார்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை ஏரிகளே, உங்களுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபம்.

நான் என்ன செய்ய, மேலிடம் சொன்னது என்பீர்கள். ஆளில்லை என்பீர்கள். மெய்தான். நாடு முழுவதும் நகரத் திட்டமிடுநர் பணியிடங்களில் 42 சதவீதம் காலி என்று நிதி ஆயோக்கே 2021இல் எழுதியது. காலியான நாற்காலி எந்த ஏரியையும் மூடவில்லை, ஐயா. நிரம்பிய நாற்காலிதான் மூடியது. மேலிடம் வாயால் சொல்லிவிட்டுப் போனது. காகிதத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து.

ஆகவே பொன்னாடைக்குப் பதில் ஒரு கோரிக்கை. திறப்பு விழாக் கல்வெட்டுகளில் முதல்வர் பெயர், அமைச்சர் பெயர், ஒப்பந்ததாரர் பெயர்வரை இருக்கிறது. இனி ஒவ்வொரு அடுக்குமாடியிலும், தொழில்நுட்பப் பூங்காவிலும், மறுகுடியமர்வுக் குடியிருப்பிலும், இந்த நிலத்தில் கட்டலாம் என்று ஒப்புதல் தந்த அதிகாரியின் பெயரையும் தேதியோடு பொறிக்க வேண்டும். உயரத்தில் வேண்டாம், தரைத்தளத்தில், முழங்கால் மட்டத்தில் பொறியுங்கள். அடுத்த மழைக்கு எங்களோடு சேர்ந்து அந்தப் பெயரும் முங்கட்டும்.